உதிர்ந்த துகள் எங்கே போயிற்று?

தமிழ்ப் பதிப்பு வரலாற்றைப் பேசும்போதெல்லாம் நாம் தவறாமல் நினைவுகூரும் செய்தி ஒன்று உண்டு. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை, தம் கைக்கு வந்த ஏடுகள் தொட்ட அளவிலேயே நொறுங்கிய அவலத்தை அதன் பதிப்புரையில் எழுதினார். அதே ஆண்டில் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், செல்லரித்த சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் இதைச் சொல்லிவருகிறோம். சொல்லும்போது நம் குரலும் சற்றுத் தழுதழுக்கத்தான் செய்கிறது. ஆயினும், அந்த ஏடுகளிலிருந்து உதிர்ந்த துகள் எங்கே போயிற்று என்று கேட்பார் யாருமில்லை.

அது காற்றில் கலந்தது. ஒரு பகுதி தரையில் படிந்திருக்கும். மற்றொரு பகுதி, ஏட்டின்மேல் குனிந்திருந்தவரின் மூக்கு வழியே நெஞ்சுக்குள் போயிருக்கும். அந்தத் துகளில் பனையோலையின் நார் மட்டுமா இருந்தது? பூஞ்சைக் காளான், பூச்சியின் எச்சம், தலைமுறை தலைமுறையாக அவ்வேட்டில் பூசியும் தூவியும் வைத்த மருந்துகள் ஆகிய அனைத்தும் இருந்தன. ஏடு பட்ட பாட்டைப் பற்றி நம்மிடம் ஒரு நூலகம் நிறைய எழுத்து இருக்கிறது. ஏட்டைத் தொட்டவர் உடம்பு பட்ட பாட்டைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இக்கட்டுரை அவரைப் பற்றியது.

அவருக்குத் தமிழில் நிலைத்த பெயர்கூட இன்னும் அமையவில்லை. ‘பாதுகாப்பாளர்’ என்றால் வாயிற்காவலர் நினைவுக்கு வருகிறார். ‘பராமரிப்பாளர்’ என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். சுவடிகளையும் ஓவியங்களையும் செப்புத் திருமேனிகளையும் பழுது நீக்கி, மேலும் அழியாமல் காப்பவர் என்ற பொருளில் இங்கே கலைக்காப்பாளர் என்றே வழங்குவோம். இத்தொழில் நமக்குப் புதிதன்று. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1869இல் அமைந்தது. சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியல் முறைப் பாதுகாப்புக்கென 1930இல் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கி, அங்கே எஸ். பரமசிவன் செப்புத் திருமேனிகளின் களிம்பை மின்னாற்பகுப்பு முறையில் நீக்கினார். 2003இல் நடுவண் அரசு தேசியச் சுவடிகள் இயக்கத்தைத் தொடங்கிய பின், இப்பணிக்கு வந்த இளைஞர் தொகை பெருகிற்று. அவருள் நம் துறையில் பயின்றவர்களும் உண்டு. பழந்தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியும் என்பதே அவர்களின் தகுதி. வேதியியலில் பயிற்சி இல்லை. பலருக்கு நிலையான வேலையும் இல்லை; ஒப்பந்தக் கூலிதான்.

நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர் அவ்வாறு ஒரு சுவடி நிலையத்தில் ஈராண்டுகள் பணியாற்றினார். காலையில் கட்டுகளை அவிழ்த்து ஏடு ஏடாகத் தூரிகையால் தூசி துடைப்பது, பிற்பகலில் எண்ணெய் பூசுவது, மாலையில் மீண்டும் கட்டுவது என்பவை அவர் வேலை. தாழ்ந்த சாய்மேசை, தரையில் பாய், மூடிய சன்னல். காற்றாடி சுழன்றால் ஏடு பறக்கும் என்பதால் அதையும் போடுவதில்லை. மாலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுக்கும் என்று ஒருமுறை சொன்னார். பின்பு இருமல் பிடித்துக்கொண்டது. மருத்துவரிடம் போனார். வீட்டில் பூனை உண்டா, பரம்பரையில் ஈளை உண்டா என்றெல்லாம் கேட்ட மருத்துவர், என்ன வேலை என்றும் கேட்டிருக்கிறார். “நூலகத்தில் வேலை என்றேன், ஐயா. உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்” என்றார் அம்மாணவி.

நோயாளியிடம் அவர் தொழிலைக் கேட்கவேண்டும் என்பதை மருத்துவ உலகுக்கு வற்புறுத்திச் சொன்னவர் பெர்னார்தினோ ராமஸ்ஸீனி என்னும் இத்தாலிய மருத்துவர். தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவருடைய இலத்தீன் நூல் 1700இல் மோதெனா நகரில் வெளிவந்தது. சுரங்கத்தார், குயவர், கழிவு அகற்றுவோர் ஆகியோரோடு ஓவியரையும் அவர் சேர்த்தார். தாம் அறிந்த ஓவியர் பெரும்பாலும் நலிந்த உடலினராக இருப்பதைக் கண்டு, அதற்கு அவர்கள் கையாளும் செவ்வீயம், வெள்ளீயம், சாதிலிங்கம் முதலிய வண்ணப்பொருள்களே காரணம் என்றார். 1713ஆம் ஆண்டின் விரிவான பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல், பிழை நேராமல் இருக்கவேண்டுமென்ற மனஅழுத்தம் ஆகிய மூன்றும் அவர்களை வருத்துகின்றன என்று காரணமும் காட்டினார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்த வரையறை, சாய்மேசைமுன் குனிந்திருக்கும் நம் மாணவிக்கு அப்படியே பொருந்துகிறது.

ஏடெழுதியவர்கள் இதை அறியாமல் இல்லை. முதுகும் இடுப்பும் கழுத்தும் ஒடியக் குனிந்து, பார்வை நிலைகுத்த வருந்தி எழுதிய நூல் என்பதால் இதைப் பேணுக என்று வேண்டும் சுலோகம் ஒன்று வடமொழிச் சுவடிகள் பலவற்றின் இறுதியில் காணப்படுகிறது. நாம் அவ்வேண்டுகோளின் பின்பாதியை மட்டும் ஏற்றோம். நூலைப் பேணினோம், முதுகை விட்டுவிட்டோம்.

முதுகும் கழுத்தும் கண்ணுக்குத் தெரிகிற நோவு. தெரியாதது மருந்து. பூச்சி நமக்கு முன்பே நூலை வாசித்துவிடும் என்பதால், இருபதாம் நூற்றாண்டு முழுவதும் சுவடி நிலையங்களும் அருங்காட்சியகங்களும் கைக்கெட்டிய நஞ்சையெல்லாம் பயன்படுத்தின. அலமாரிகளில் அந்துருண்டை என்னும் நாப்தலீன் இட்டனர். பூச்சிக்குப் பாராடைகுளோரோபென்சீன், பூஞ்சைக்கு ஓமத்தின் சத்தாகிய தைமால் என்று வைத்தனர். தைமால் படிகங்களைத் தட்டிலிட்டு, அடியில் மின்விளக்கை எரித்து ஆவியாக்கி, மூடிய பெட்டியில் தாள்களைப் புகையூட்டுவது பல கையேடுகள் சொன்ன முறை. டி.டி.டி. தூவியதும் உண்டு. நூல்கட்டும் பசையில் மயில்துத்தம் கலந்தனர். பாதரசக் குளோரைடும் சில இடங்களில் பயன்பட்டது. எத்திலீன் ஆக்சைடும் மெத்தில் புரோமைடும் நச்சுப் புகையூட்டலுக்கு வந்தன.

இவற்றுள் எத்திலீன் ஆக்சைடு மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994இல் வகைப்படுத்தியது. நாப்தலீனைப் புற்றுநோய் விளைக்கக்கூடியதாக இருக்கலாம் என்ற வரிசையில் வைத்துள்ளது. இதனினும் அணித்தான தீங்கு ஒன்று உண்டு. ஜி6பி.டி. என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு நாப்தலீன் செங்குருதி அணுக்களைச் சிதைத்துவிடும். இக்குறைபாடு இந்தியாவில் அரிதன்று. இருப்பவர் பலருக்கு இருப்பதே தெரியாது. அந்துருண்டை வாசம் பழகிவிட்டது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பழகியது மூக்குத்தான். ஒரே வாசத்தில் சற்று நேரம் இருந்தால் மூக்கு அதை உணர்வதை விட்டுவிடுகிறது. நுரையீரலும் ஈரலும் அப்படி விட்டுவிடுவதில்லை.

இன்று மருந்திடுவதை நிறுத்தினாலும் நேற்றிட்டது போய்விடாது. ஆர்சனிக்கும் பாதரசமும் ஆவியாகித் தொலைந்துவிடும் பொருள்கள் என்று எண்ணிவிட முடியாது. பொருளோடு பொருளாக நூறாண்டும் இருக்கும். அமெரிக்காவில் 1990இல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, அருங்காட்சியகங்கள் தாம் வைத்திருந்த பழங்குடியினரின் புனிதப் பொருள்களைத் திருப்பித் தரத் தொடங்கின. அவற்றுள் பல, பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக்கும் பாதரசமும் ஏற்றப்பட்டவை. காட்சிப்பேழைக்குள் இருந்தவரை அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. திரும்பப் பெற்றவர்கள் சடங்கில் அவற்றை அணியவும் தொடவும் வேண்டும் என்றபோதுதான் உறுத்திற்று. இட்ட மருந்துகளைப் பற்றித் தெரிந்ததைப் பெறுபவருக்குச் சொல்லவேண்டும் என்பது விதியாயிற்று. ஆனால் பல பொருள்களுக்கு, என்ன இட்டோம் என்ற குறிப்பே இல்லை.

புத்தகமும் விலக்கன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மரகதப் பச்சை என்னும் ஆர்சனிக் நிறமியால் சாயமேற்றிய துணியை நூல் அட்டைக்குப் பயன்படுத்தினர். அத்தகைய நூல்களைக் கண்டறிய 2019இல் அமெரிக்காவின் விண்டர்தூர் நிறுவனமும் டெலவேர் பல்கலைக்கழகமும் ஒரு திட்டத்தைத் தொடங்கின. 2024இல் பிரெஞ்சு தேசிய நூலகம் தன் அடுக்கிலிருந்து நான்கு நூல்களை விலக்கி வைத்தது. அவற்றுள் 1855இல் வெளிவந்த அயர்லாந்துக் கதைப்பாடல் தொகுதி இரண்டு பாகங்களும் ருமேனியக் கவிதைத் திரட்டு ஒன்றும் அடங்கும். கவிதை வாசகர்கள் விரும்பித் தேடி எடுக்கக்கூடிய பச்சை அட்டை நூல்கள்தாம் அவை.

நம் பக்கத்திலும் இதற்கு இணையுண்டு. நடிகர் முகப்பூச்சுக்கெல்லாம் இன்று பொதுப்பெயராக வழங்கும் அரிதாரம் என்ற சொல், உண்மையில் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமத்தின் பெயர். சித்த மருத்துவர் தாளகம் என்பர். கூத்தர் அதை அரைத்து முகத்தில் பூசினர். ஓவியர் மஞ்சளாகத் தீட்டினர். இந்தியாவின் பல பகுதிகளில் பூச்சி அண்டாதிருக்கக் காகிதச் சுவடியில் பூசினர். ஓவியத்தின் சிவப்பாகிய சாதிலிங்கம் பாதரசம். வெள்ளை பல இடங்களில் ஈயம். இவை தீட்டிய நிலையில் அடங்கிக் கிடக்கும். கலைக்காப்பாளர் பெயர்ந்த பூச்சைச் சுரண்டும்போதும் துடைக்கும்போதும் மீண்டும் துகளாகி எழும்.

இடத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய குறுகலான உள்திருச்சுற்றில்தான் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்து வெளியிட்டார். மேலே நாயக்கர் காலப் பூச்சு, அடியில் சோழர் ஓவியம். அந்த இருட்டில் ஏணிமேல் நின்று, அண்ணாந்த கழுத்தோடு, பஞ்சில் கரைப்பானைத் தோய்த்துத் துடைக்கும் வேலையை மனத்தில் கொண்டுவாருங்கள். காற்றோட்டமில்லாத இடத்தில் அசிட்டோனும் டொலுவீனும் தலைச்சுற்றலைத் தரும். ஏணிமேல் நிற்பவருக்குத் தலைச்சுற்றல் என்பது விழுதல். நம் பழங்கோயில்களின் இருண்ட மூலைகளில் வௌவால் எச்சமும் சேர்ந்திருக்கும். அதில் வளரும் ஒருவகைப் பூஞ்சை மூச்சில் ஏறினால் காசநோயைப் போன்றே தோன்றும் நுரையீரல் நோயைத் தரும். தொழிலைக் கேளாத மருத்துவர் அதைக் காசநோய் என்றே எண்ணி மருத்துவம் செய்யக்கூடும்.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னால் நமக்கு வழக்கமாக மூன்று விடைகள் கிடைக்கின்றன.

முதலாவது, “நம் முன்னோர் முகமூடி கட்டிக்கொண்டா ஏட்டைத் தொட்டார்கள்?” என்பது. முன்னோர் நஞ்சை நஞ்சென்று அறிந்திருந்தார்கள் என்பதே இதற்கு மறுமொழி. சித்தர் மரபு தாளகத்தை அறுபத்து நான்கு பாடாணங்களுள் ஒன்றாக வைத்தது. சுத்தி செய்யாமல் கையாளக் கூடாது என்றது. உண்பவருக்குப் பத்தியம் விதித்தது. அச்சுத்தி முறைகள் முழுக்கக் காத்தனவா என்பது வேறு கேள்வி. எச்சரிக்கை உணர்வு மரபில் இருந்தது என்பதில் ஐயமில்லை. எச்சரிக்கையின்மைதான் நம் காலத்துப் புதுமை.

இரண்டாவது, “வேதிப்பொருளை விட்டு இயற்கைக்குத் திரும்பினால் போதும்” என்பது. இதில் பாதி உண்மை உண்டு. வசம்பு, மிளகு, கிராம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரத்தோடு துணியில் முடிந்து வைக்கும் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் முறை புகழ் பெற்றது, நாப்தலீனைவிட விரும்பத்தக்கதே. ஆனால் இயற்கை என்ற சொல் தீங்கின்மைக்குச் சான்றாகாது. தாளகமும் இயற்கைதான். வசம்பில் உள்ள அசரோன் என்னும் பொருள் விலங்குகளிடம் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968இலேயே உணவில் வசம்பைச் சேர்ப்பதைத் தடைசெய்தனர். முடிச்சாக வைப்பதற்கும் உண்பதற்கும் வேறுபாடு பெரிது. என்றாலும் வசம்பை நாள்தோறும் இடிப்பவரும் சலிப்பவரும் மூக்கை மூடிக்கொள்வது நல்லது. ஏட்டில் பூசும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் சிலர் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

மூன்றாவது விடைதான் நம் இலக்கிய உலகத்தது; மறுப்பதற்கு மிகக் கடினமானதும் அதுவே. “இது தொழிலன்று, தொண்டு. தமிழுக்காகச் சற்றுத் துன்பப்பட்டால் என்ன?” என்பது. சாமிநாதையரின் வாழ்க்கையை நாம் தியாகமாகவே படித்தோம், அவ்வாறே கற்பிக்கிறோம். அதில் பிழையில்லை. ஆனால் தியாகம் என்பது ஒருவர் தாமாகத் தருவது. ஒப்பந்தக் கூலிக்கு வந்த இருபத்து நான்கு வயதுப் பெண்ணிடம், பெட்டியில் என்ன மருந்து இருக்கிறது என்று சொல்லாமலே வேலை வாங்கிவிட்டு அதைத் தியாகம் என்பது பொருந்தாது. தெரிந்து ஏற்பதற்கும் தெரியாமல் பட்டுக்கொள்வதற்கும் இடையிலுள்ள தொலைவை நம் புகழுரைகள் அழித்துவிடுகின்றன. தொண்டு என்று சொல்லிச் சொல்லியே, ஒரு முகமூடி கேட்பதைக்கூட வெட்கப்படத்தக்கதாக ஆக்கிவிட்டோம்.

முகமூடி என்றவுடன் துணி முகமூடி கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளும் நிலையங்களும் உண்டு. துணி, நுண்துகளைச் சரிவரத் தடுக்காது. என்95 வகை நுண்துகளைத் தடுக்கும், ஆனால் கரைப்பானின் ஆவியை விட்டுவிடும். ஆவிக்குக் கரிச்சிமிழ் பொருத்திய முகமூடி வேண்டும், அச்சிமிழையும் உரிய காலத்தில் மாற்றவேண்டும். பருத்திக் கையுறையில் ஓலையின் ஓரம் சிக்கி முறியும். நைட்ரைல் கையுறையே ஏற்றது. அதுவும் எல்லாக் கரைப்பானையும் தடுப்பதில்லை. இவையெல்லாம் கடைசி அரண்கள். முதல் வேலை, நஞ்சை அறவே விலக்குவது: உறைகுளிரில் வைத்தோ, உயிர்வளி நீக்கிய உறையில் இட்டோ பூச்சியைக் கொல்லும் முறைகள் உலகெங்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டன. அடுத்தது, விலக்க முடியாததை உறிஞ்சி வெளியேற்றும் காற்றுப்போக்கி. அதற்கடுத்தது, வேலை நேரத்தைப் பகுத்து, ஒருவரே நாள் முழுவதும் ஒரே வேலையில் குனிந்திராதபடி மாற்றித் தருவது. இவற்றையெல்லாம் செய்த பிறகே முகமூடி.

சட்டத்தின் துணையும் அறவே இல்லாமல் இல்லை. ஈயம், பாதரசம், ஆர்சனிக் நஞ்சேற்றங்களை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களாக வரிசைப்படுத்தியது. நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பின் அட்டவணையிலும் அவை இடம்பெற்றுள்ளன. ஆனால் சுவடி நிலையத்தைப் பணியிடம் என்று எண்ணும் பழக்கமே நமக்கு வரவில்லை. அது கோயிலைப் போன்றது என்கிறோம். கோயிலிலும் ஏணியிலிருந்து விழுந்தால் எலும்பு முறியும்.

நம்மால் செய்யக்கூடியது என்ன என்று இலக்கிய வாசகர்கள் கேட்கலாம். சிறியவையாக மூன்றைச் சொல்லுகிறோம். ஒன்று, ஒவ்வொரு சுவடிக்கட்டுக்கும் அட்டவணை எழுதும்போது நூற்பெயர், ஆசிரியர், ஏடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு, அதற்கு எந்த ஆண்டில் என்ன மருந்திட்டார்கள் என்ற பத்தியும் இருக்கவேண்டும். தெரியாதபோது தெரியவில்லை என்றே எழுதவேண்டும். பதிப்பாசிரியர்கள் பாடபேதத்துக்குக் காட்டும் கண்டிப்பை இதற்கும் காட்டலாம். இரண்டு, சுவடியியலைப் பாடமாக வைத்திருக்கும் துறைகள் எழுத்துப் பயிற்சியோடு இப்பொருள்களைக் கையாளும் பயிற்சியையும் பாடத்திட்டத்தில் சேர்க்கவேண்டும். மாணவரை அனுப்புவது நாம். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கும் கடமையும் நம்முடையதே. மூன்று, சுவடிகளை மின்னுருவாக்க நன்கொடை திரட்டும் அன்பர்கள், படமெடுக்கும் கருவியின் விலையோடு காற்றுப்போக்கியின் விலையையும் ஆண்டுக்கொரு மருத்துவச் சோதனையின் செலவையும் சேர்த்துக் கேட்கவேண்டும். படக்கருவியின் முன்பு ஏட்டை விரித்து வைப்பவரும் அதே தூசியைத்தான் மூச்சிழுக்கிறார்.

அம்மாணவி இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். இருமல் தணிந்துவிட்டது. பழைய எழுத்தை அவரைப்போலத் தடையின்றிப் படிக்க வல்லவர் அவர் வகுப்பில் வேறொருவர் இல்லை. அவர் விட்டுவந்த இடத்தில் இன்னும் அவிழ்க்காத கட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இல்லாமற்போனார். கைகளைக் காவாமல் சுவடியைக் காப்பதாகச் சொல்வது, ஒரு சில ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியாகும் கணக்கு.